கடைசி மூன்று மீற்றர்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று எங்கள் அலுவலகத்தில் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. எழுதியவர் நானுஓயாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கும் தம்பி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் கொடுத்துவிட்டுப் போன கணினியில் ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற ஒன்லைன் விண்வெளி விளையாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறார். அவருடைய முறைப்பாடு இதுதான்: “நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பாய்ந்துவிடுகிறேன். ஸ்டேஷனுக்குள் மட்டும் போக முடியவில்லை. ஒன்றில் வாசலில் முட்டுகிறேன், இல்லாவிட்டால் உள்ளே போய்ச் சுவரில் முட்டுகிறேன். நான் புலம்புவதைக் கேட்டு அம்மா, ‘ஏன்டா, ஸ்டேஷன் கேட்டைப் பூட்டிட்டாங்களா?’ என்கிறார். இதைப் பற்றியெல்லாம் உங்கள் இதழில் எழுதுவீர்களா?”

எழுதலாம் தம்பி, தாராளமாக எழுதலாம். ரயில் நிலையத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஒருவருக்கு விண்வெளி நிலையத்துக்குள் நுழைவது பெரும்பாடாக இருக்கிறது என்றால், அதில் பேச நிறைய விடயம் இருக்கிறது.

விளையாட்டே தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதன் மூத்த வடிவமான ‘எலைட்’ 1984இல் வந்தது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள் அதை எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்குள் எட்டு அண்டங்களையும், அண்டத்துக்கு 256 கோள்களையும் அடக்கினார்கள். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. சரக்கு வாங்கி, விற்று, கொள்ளைக்காரரிடம் தப்பி, அடுத்த நிலையத்துக்குப் போவதுதான் ஆட்டம். நிலையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் ஒரு முகத்தில் நீள்சதுரமாக ஒரு துவாரம். அந்தச் சுழற்சிக்கு ஏற்ப உங்கள் கலத்தையும் சுழற்றி, அந்தத் துவாரத்துக்குள் நுழைக்க வேண்டும். கொள்ளைக்காரரிடம் தப்பிவந்தவர்கள்கூட அந்த வாசலில் முட்டி உடைந்தார்கள். கையில் 100 கிரெடிட்டோடு ஆட்டம் தொடங்கும். தானாக நிறுத்திக் கொடுக்கும் டொக்கிங் கணினியின் விலையோ 1,500 கிரெடிட். ஆகவே, மிகத் தேவைப்படும் புதியவர்களுக்கு அது எட்டாது. உழைத்து அதை வாங்கும் காலத்தில் கையாலேயே நிறுத்தப் பழகியிருப்பார்கள்.

2014 டிசம்பரில் வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ நமது பால்வீதியையே மாதிரியாக எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சுழலும் நிலையத்தையும் நீள்சதுர வாசலையும் மட்டும் விட்டுவிடவில்லை. நிலையம் சுற்றுவதற்குக் காரணமும் உண்டு. சுற்றினால்தான் உள்ளே இருப்பவர்களின் கால் தரையில் நிற்கும்.

இனித் தம்பியின் பிரச்சினைக்கு வருவோம். கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தவறு ஒரே இடத்தில் இல்லை.

முதலாவது, அனுமதி. நிலையத்துக்கு 7.5 கிலோமீற்றருக்குள் வந்த பிறகே டொக்கிங் அனுமதி கேட்க முடியும். தூரத்திலிருந்து கேட்டால் மறுத்துவிடுவார்கள். அனுமதி கிடைத்ததும் உங்களுக்கென்று ஒரு இறங்குதளத்தின் இலக்கம் வரும். அதற்குக் கால எல்லையும் உண்டு. அனுமதி இல்லாமல் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால் நிலையமே உங்களைச் சுட்டுவிடும்.

இரண்டாவது, கலத்தின் அளவு. இறங்குதளங்களில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வகை. ‘அவுட்போஸ்ட்’ எனப்படும் சிறு நிலையங்களில் பெரிய தளமே கிடையாது. பெரிய சரக்குக் கலத்தோடு அங்கே போய் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. போகும் முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம் அது.

மூன்றாவது, வாசலுக்கு நேர் எதிரே வருவது. வாசலின் இரு ஓரங்களிலும் விளக்குகள் இருக்கின்றன. உள்ளே போகும்போது பச்சை உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். சிவப்பு வலப்பக்கம் இருந்தால், வெளியே வருபவர்களின் பாதையில் நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பக்கவாட்டிலிருந்து சரிந்து வந்து கடைசி நேரத்தில் திருப்ப முயன்றால் ஓரம் உரசும். நன்றாகத் தள்ளி நின்று, வாசலுக்கு நேராக வந்து, பிறகு முன்னேறுங்கள்.

நான்காவது, வேகம். தம்பி உள்ளே போய்ச் சுவரில் முட்டுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளியே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களைக் கண்மூடித் திறக்கும் முன் கடந்து வந்தவருக்கு, செக்கனுக்கு நூறு மீற்றர் என்பது ஊர்வது போல இருக்கும். நிலையத்துக்குள் அதுவே தாராளமான வேகம். இறங்குதளத்துக்கு மேலே வந்ததும் அதையும் குறைத்து, சக்கரக்காலை விரித்து, தளம் காட்டும் திசைக்குக் கலத்தின் மூக்கைத் திருப்பி, மெல்ல இறக்க வேண்டும். சக்கரக்காலை விரிக்க மறந்துவிட்டு, “தளம் என்னை ஏற்கவில்லை” என்று கோபிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஐந்தாவது நமது மலைநாட்டுக்கே உரியது, சிக்னல். மற்றவர்களும் கூடவே பறக்கும் பொது ஆட்டத்தில், விளையாடுபவர்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. இணைப்பு மெதுவாக இருந்தால் மற்றவரின் கலம் திரையில் ஓரிடத்தில் தெரியும், உண்மையில் வேறிடத்தில் இருக்கும். இந்த மலையிலிருந்து எதிர்மலையில் கொழுந்து எடுப்பவரைக் கூப்பிட்டால், பதில் நம் காதுக்கு வரும்போது அவர் அடுத்த நிரைக்குப் போயிருப்பார் அல்லவா, அதுபோலத்தான். வாசல் காலியாக இருக்கிறதென்று நம்பி நுழையும்போது, அங்கே ஒருவர் திடீரென்று முளைப்பார். தனியாகப் பறக்கும் முறையும் அந்த விளையாட்டில் உண்டு. அதற்கும் இணைய இணைப்பு வேண்டும், ஆனால் குறுக்கே வர வேறு விளையாட்டுக்காரர்கள் இருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் சிக்னல் போய்ப்போய் வரும் தோட்டங்களில் இருப்பவர்கள் அதிலேயே முதலில் பழகுவது நல்லது. டொக்கிங் பழகுவதற்கென்றே ஒரு பயிற்சிப் பாடமும் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இதை எல்லாம் வாசித்துவிட்டு, “விளையாட்டுத்தானே” என்று சில பெற்றோர் பக்கத்தைத் திருப்பிவிடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். இந்த விளையாட்டு காட்டும் சிக்கல் மனிதர்களை நிஜமாகவே திணறவைத்த சிக்கல்.

1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைக் கொண்டுவந்த ரொக்கெட்டின் மேற்பகுதி அருகே மிதப்பதைக் கண்டு அதை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி எஞ்சினை இயக்கினார். நெருங்குவதற்குப் பதிலாக விலகிப்போனார். மறுபடி இயக்கினார், மறுபடியும் விலகல். எரிபொருள் தீர்ந்துகொண்டு போனதால் முயற்சியைக் கைவிட்டார்கள். பூமியைச் சுற்றும் கலம் வேகத்தைக் கூட்டினால் அதன் பாதை உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் எடுக்கும். ஆகவே முன்னால் போகிறவரைப் பிடிக்க விரட்டினால் பின்தங்கிவிடுவோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்வான பாதைக்கு இறங்கி, அங்கே வேகமாகச் சுற்றி, சரியான இடத்தில் மேலே ஏற வேண்டும். தம்பியின் விளையாட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மூக்கைத் திருப்பிய பக்கம் கலம் போகும். அந்த வகையில் தம்பி அதிர்ஷ்டசாலி.

அடுத்த ஆண்டு, 1966 மார்ச் 16ஆம் திகதி, நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் டேவிட் ஸ்கொட்டும் ஜெமினி 8 கலத்தை அஜீனா என்ற ஆளில்லாக் கலத்தோடு இணைத்தார்கள். விண்வெளியில் இரண்டு கலங்கள் இணைந்தது அதுவே முதல் தடவை. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, இரண்டும் சேர்ந்து சுழல ஆரம்பித்தன. அஜீனாவில்தான் கோளாறு என்று நினைத்து அதை விட்டு விலகினார்கள். சுழற்சி இன்னும் கூடியது. செக்கனுக்கு ஒரு சுற்று என்ற அளவுக்குப் போய்விட்டது. அப்போதுதான் கோளாறு தங்கள் கலத்திலேயே என்று தெரிந்தது. ஜெமினியின் சிறு உந்துகருவி ஒன்று நிற்காமல் இயங்கிக்கொண்டிருந்தது. பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்த வைத்திருந்த உந்துகருவிகளை எடுத்து ஆம்ஸ்ட்ரோங் சுழற்சியை நிறுத்தினார். பயணத்தை அப்படியே சுருக்கிக்கொண்டு இறங்கினார்கள். நிலையத்தின் மேல் கோபம் வரும்போது, முதலில் நம் கலத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

1997 ஜூன் 25ஆம் திகதி ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் நடந்தது இன்னும் கொடுமை. தானியங்கி முறை இல்லாமலே சரக்குக் கலத்தை நிறுத்த முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். நிலையத்துக்குள் ஒரு திரையின் முன் அமர்ந்து, ஏழு தொன் எடையுள்ள புரோகிரஸ் கலத்தைத் தூரத்திலிருந்து ஓட்டினார் வசிலி சிப்லியேவ். கலத்திலிருந்து வந்த வீடியோவை வைத்து, அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று சரியாகக் கணிக்க முடியவில்லை. கலம் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதி, ஓட்டை விழுந்து, காற்று கசிந்தது. உள்ளே இருந்த மூவரும், வாசலுக்குக் குறுக்கே ஓடிய மின்கம்பிகளை அவிழ்த்தும் வெட்டியும் அகற்றி அந்தப் பகுதியை மூடியதால் உயிர் தப்பினார்கள். திரையைப் பார்த்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது தம்பிக்கும் சிப்லியேவுக்கும் நன்றாகத் தெரியும்.

இனி நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. 2024 டிசம்பர் 30ஆம் திகதி இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்பேடெக்ஸ் என்ற பெயரில் இரண்டு சிறு கலங்களை அனுப்பியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ. ஒன்று துரத்தும், மற்றது காத்திருக்கும், இரண்டும் சேர வேண்டும். ஜனவரி 7ஆம் திகதி என்றார்கள், 9ஆம் திகதிக்குத் தள்ளினார்கள். நெருங்கி வரும்போது கலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகியதால் அன்றும் நடக்கவில்லை. 12ஆம் திகதி கலங்கள் 15 மீற்றர் வரை வந்தன, பிறகு 3 மீற்றர் வரை வந்தன. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு கட்டில் நீளம்கூடத் தூரமில்லை என்று சொல்லும்படியான இடைவெளி. அந்த இடத்தில் இஸ்ரோ கலங்களைப் பின்னே எடுத்துப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தியது. கிடைத்த தரவுகளை அலசிப் பார்த்துவிட்டு மேலே போவோம் என்று அறிவித்தது.

தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் நாள், 2025 ஜனவரி 16ஆம் திகதி, இரண்டும் இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்குப் பிறகு இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான வி. நாராயணன் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்றதும் அதே வாரத்தில்தான். பிறகு மார்ச் 13இல் கலங்களைப் பிரித்தார்கள், ஏப்ரல் 20இல் மீண்டும் இணைத்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் ஜனவரி 16ஐவிட ஜனவரி 12தான் பிடித்திருக்கிறது. மூன்று மீற்றர் வரை வந்த பிறகு திரும்பிப் போவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அத்தனை தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் மனிதனை அவசரப்படுத்துகிறது. தம்பி, நீங்கள் வாசலில் முட்டுவதும் பெரும்பாலும் அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. நேராக இல்லை என்று தெரிந்த பிறகும், வந்தது வந்தாயிற்று, நுழைந்துவிடுவோம் என்று தள்ளுகிறீர்கள். விளையாட்டில் பின்னே போவதற்கு யாரும் தண்டம் போடுவதில்லை.

நானுஓயாவில் இருப்பவருக்கு இந்தப் பாடத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்தது முதல் அங்கே நடப்பதெல்லாம் அவசரப்படாமல் காத்திருப்பதுதான். மலையேறும் பாதை ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் நிலையத்தில்தான் விலக முடியும். அதனால் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். அதற்கு அத்தாட்சியாக ஓட்டுநரின் கையில் ‘டெப்லட்’ இருக்க வேண்டும். பெரிய வளையம் பொருத்திய பைக்குள் உலோக வில்லை ஒன்று. இரு நிலையங்களிலும் இருக்கும் பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு வில்லை வெளியே இருக்கும்போது அடுத்ததை எடுக்க முடியாது. அடுத்த நிலையக்காரர் ஒப்புக்கொண்டால்தான் முதல் வில்லையே வெளியே வரும். மேடையின் ஓரத்தில் வளையத்தை உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் ஊழியரையும், எஞ்சினிலிருந்து கையை நீட்டி அதை வாங்கும் ஓட்டுநரையும் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். வருகிறவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், ஏற்கிறவர் சரி என்று சொல்லும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். பொடி மெனிக்கே ரயிலுக்கும் அதே சட்டம்தான், சரக்கு வண்டிக்கும் அதே சட்டம்தான்.

நானுஓயா இன்னொரு டொக்கிங் சிக்கலையும் பார்த்த ஊர். ஒரு காலத்தில் அங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. பிரதான பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம், சின்னப் பாதையிலோ 2 அடி 6 அங்குலம். ஒன்றின் பெட்டி மற்றதில் ஏறாது. ராகலைப் பக்கத்துத் தேயிலை எவ்வளவு தரமாக இருந்தாலும், நானுஓயா மேடையில் இறக்கி, பெரிய வண்டியில் மறுபடி ஏற்றித்தான் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். 1940களோடு அந்தச் சின்னப் பாதை போய்விட்டது. இப்போது நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ வேனோ பிடிக்கிறார்கள்.

விண்வெளியிலும் இதே கதை நடந்தது. 1975 ஜூலை 17ஆம் திகதி அமெரிக்காவின் அப்பொலோவும் சோவியத்தின் சோயுசும் இணைந்தன. ஒன்றின் இணைப்புக் கருவி மற்றதில் பொருந்தாது. அப்பொலோவுக்குள் குறைந்த அழுத்தத்தில் ஒட்சிசன், சோயுசுக்குள் நாம் சுவாசிப்பது போன்ற காற்று. அதற்காக நடுவில் ஒரு தனி அறையைச் செய்து கொண்டுபோனார்கள். ஒரு நாட்டுக்காரர் அந்த அறைக்குள் புகுந்து, காற்றழுத்தம் சரியாகும் வரை காத்திருந்து, பிறகு மற்றவரின் கலத்துக்குள் போனார். அந்தப் பயணத்துக்காகவே, ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லாமல் இரு பக்கமும் ஒரே மாதிரியான இணைப்பு வளையத்தைச் செய்தார்கள். இன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் கலங்கள் பலவற்றின் வளையம் அதன் வழித்தோன்றல்தான். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு எதிரிகள் உட்கார்ந்து ஒரு வளையத்தின் அளவைப் பேசி முடித்தார்கள் என்பது சின்ன விடயமல்ல.

விளையாட்டில் தேறியதும் தம்பி ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2020 மே மாதத்தில், தனது டிராகன் கலத்தை விண்வெளி நிலையத்தோடு இணைக்கும் பயிற்சி ஒன்றை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. விண்வெளி வீரர்கள் பார்க்கும் அதே திரை. சாய்வு, சுழற்சி, தூரம், வேகம் எல்லாம் எண்களாகத் தெரியும். கடைசி 5 மீற்றருக்குள் வேகம் செக்கனுக்கு 0.2 மீற்றரைத் தாண்டக் கூடாது. சுடுவதற்கு எதிரி இல்லை, வாங்கி விற்கச் சரக்கு இல்லை. ஒரு பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு, அதன் விளைவு தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அடுத்த தட்டு அதற்குப் பிறகுதான். அவசரக்காரர்களுக்கு அது பெரிய தண்டனை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இரவு முழுவதும் கணினி முன் இருக்கச் சொல்லி நான் பரிந்துபேசவில்லை. தூக்கம் வேண்டும், டேட்டாவுக்கும் காசு வேண்டும், கொழுந்து நாட்சம்பளத்தில் அது எங்கே இடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளை அந்தத் திரையின் முன் கோணம் பார்க்கிறான், வேகத்தைக் கணிக்கிறான், ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பை அகராதி வைத்து வாசிக்கிறான் என்றால், பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். “இது என்ன, ஏன் சுத்துது?” என்று கேளுங்கள். ஏன் சுற்றுகிறது என்று விளக்க முடிந்த பிள்ளை, பௌதிகவியலில் ஒரு பாடத்தைத் தன் பாட்டிலேயே படித்துவிட்டது.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் தம்பி சின்ன எழுத்தில் கேட்டிருந்த விடயம். பெறுபேறு சரியாக வராவிட்டால் மறுபடி தோற்றுவதா, வேண்டாமா என்று யோசிக்கிறாராம். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம். தம்பி, உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்ற இடம் வைத்திருக்கிறார்கள். முதல் தடவையிலேயே எல்லோரும் வாசலைச் சரியாகப் பிடிப்பார்கள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தோட்டப் பாடசாலையில் படித்து, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத தவணைகளைத் தாண்டி நீங்கள் வந்த தூரம் அதிகம். பின்னே எடுத்து, நேராக்கி, மறுபடி வருவதில் ஒரு குறைவும் இல்லை. ஊரார் சொல்வதை ஊரார் பார்த்துக்கொள்ளட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டெப்லட் கொடுத்து வாங்கிய ரயில்வே ஊழியர்கள், ராகலைச் சின்ன ரயிலைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே இருப்பீர்கள். எழுதி அனுப்புங்கள். எழுத நேரமில்லாதவர்கள் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, நாங்கள் எழுதிக்கொள்கிறோம். டொக்கிங்கில் கைதேர்ந்த தம்பி தங்கைகளும் உங்கள் உத்திகளை எழுதுங்கள், நானுஓயாத் தம்பிக்கு அனுப்பிவைக்கிறோம்.

தம்பி, பெறுபேறு எப்படி வந்தாலும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். நிலையத்துக்குள் போய்விட்டால் அதையும் எழுதுங்கள். அம்மாவிடம், கேட் திறந்துதான் இருக்கிறது என்று நாங்கள் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்